அப்பன் சுமக்கும் இனம்

ஜனவரி 9

அண்ணா,

போனை வைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் கத்தியது நீ. நாம் இருவரும் போனில் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் போய் நிற்கிறது. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது, பார்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். வாண்டு அப்பாவும் நானும் பிரிவதில் மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. வாண்டு யாரிடம் இருப்பாள் என்பதுதான் பாக்கி. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. நான் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும்போது அவர் யாருடைய தையல் மெஷினையோ பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்திருப்பார். அவர் நிமிரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இப்படியே இருந்து இருந்து பேச்சே மறந்துபோனது. இப்போது அவருடைய அக்கா தன் ஊரில் கடை வைத்துத் தருகிறேன் என்று கூப்பிடுகிறார். அவர் போகட்டும். என் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். அங்கே போக ஒரு நாள் பயணம். அவளுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை, அண்ணா.

அவருடைய வக்கீல் கோர்ட்டில் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா கூட்ஸ் வண்டி ஓட்டறாங்க. வாரத்துல பாதி நாள் தண்டவாளத்துலதான் இருக்காங்க. குழந்தைய யாரு பாக்கறது, இன்ஜினா?" எல்லோரும் சிரித்தார்கள். வாண்டு அப்பா மட்டும் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் வக்கீலம்மாவுக்கு உன் வேலை தெரிந்துவிட்டது. "உங்கண்ணன் இதையேதான ஆராய்ச்சி பண்றாரு? சின்ன வயசுல பெத்தவங்கள விட்டுப் பிரிச்சா மூளை என்ன ஆகுதுன்னு? ஒரு பக்கம் எழுதி வாங்குங்க. மாமாங்கறது தெரிஞ்சாலும் பரவாயில்ல, ஆராய்ச்சி மையத்தோட தாள்ல வரட்டும்" என்றார். அதைத்தான் போனில் கேட்டேன். அதற்குத்தான் நீ கத்தினாய்.

ஒரு பக்கம். உனக்குத் தெரிந்ததை எழுத ஒரு பக்கம் பெரிய காரியமா?

உன் எறும்பு

*

ஜனவரி 20

எறும்பு,

என்னால் முடியாது. ஏன் என்று சொல்கிறேன், பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

நாங்கள் இங்கே வைத்திருப்பது பூனைக்குட்டியை விடக் கொஞ்சம் பெரிய குரங்குகள். ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழும். மாலையில் கிளையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வாலையும் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிக்கொள்ளும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை. குட்டி பிறந்தால் சுமப்பது அப்பன்தான். பசித்தால் மட்டும் அம்மாவிடம் போகும், குடித்து முடித்ததும் மறுபடி அப்பன் முதுகு. அம்மாவை அறையை விட்டு வெளியே கொண்டுபோனால் குட்டி ஒருமுறை திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். அப்பனைக் கொண்டுபோனால் அது போடும் கூச்சலில் கட்டடமே கிடுகிடுக்கும்.

சில குட்டிகளைச் சில வாரம் அப்பனிடமிருந்து பிரித்து வைக்கிறோம். பிறகு சேர்த்துவிடுகிறோம். வளர வளர ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறோம். பிரித்து வைத்தவற்றின் மூளையில் பயத்தைக் கிளப்பும் பகுதி அவசரமாக முற்றிவிடுகிறது. அதைத் தட்டி அடக்க வேண்டிய முன்பகுதி பின்தங்கி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே ஓடும் நரம்பு இழைகள் மெலிந்து தெரிகின்றன. எல்லாக் குட்டிக்கும் அப்படி ஆவதில்லை. சிலது எதுவுமே நடக்காததுபோல் வளர்கிறது. ஏன் என்று கேட்டால் தெரியாது என்பதுதான் நேர்மையான பதில்.

இதை வைத்துக்கொண்டு வாண்டு யாரிடம் இருக்க வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? அவளை நான் பார்த்ததே ஓரிரு முறைதான். அதிலும் ஒருமுறை மாப்பிள்ளையின் முதுகில் துண்டில் கட்டியபடி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே என்னிடம், "மச்சான், மெல்லப் பேசுங்க. மெஷின் சத்தத்துக்கு எழுந்திருக்க மாட்டா, மனுஷன் சத்தத்துக்கு எழுந்துருவா" என்றார்.

வேறு எந்த உதவி வேண்டுமானாலும் கேள்.

அண்ணன்

*

ஜனவரி 31

அண்ணா,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன்.

அப்பன் குரங்கு கதை எனக்கு எதற்கு? வேறு குரங்கே உலகத்தில் இல்லையா? அம்மா மடியை விட்டு இறங்காத குட்டிகள் எத்தனையோ இனத்தில் இருப்பதாக நீயே ஒருமுறை எனக்கு மணிக்கணக்காகச் சொன்னாய். அவற்றை எழுது. இதை விட்டுவிடு. பொய் எழுதச் சொல்லவில்லை, இருக்கிற உண்மைகளில் எனக்கு உதவுகிற உண்மையை எழுதச் சொல்கிறேன். வக்கீல்கள் அதைத்தான் செய்கிறார்கள், யாரும் தூக்கம் கெட்டு அலைவதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அம்மா அப்பாவை விட்டுக் கிளம்பும்போது இடுப்பில் இருந்த என்னைத் தூக்கிக்கொண்டாள். உன்னை விட்டுவிட்டாள். நீ அதை என்னிடம் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் நாம் பெரியவர்களாகிச் சந்தித்த முதல் நாளில் நீ என்னை ஒரு பார்வை பார்த்தாயே, அதிலேயே எல்லாம் இருந்தது. அம்மாவும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. துணிக்கடைக்குப் போனால் பையன்கள் சட்டை தொங்கும் பக்கம் மட்டும் போக மாட்டாள், சுற்றிக்கொண்டு வருவாள். அது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

அம்மா இல்லாமல் ஒரு வீட்டில் வளர்வது என்னவென்று ஆராய்ச்சி செய்தா உனக்குத் தெரிய வேண்டும்? வாண்டுவுக்கு அதுதான் நடக்கப்போகிறது. நீ கையைக் கட்டிக்கொண்டு இழை மெலிந்தது, தடித்தது என்று எழுதிக்கொண்டிரு.

கோர்ட் மார்ச்சில்.

எறும்பு

*

பிப்ரவரி 14

எறும்பு,

அறிக்கை இதோடு இருக்கிறது. மையத்தின் தாளில், என் கையெழுத்தோடு.

நீ எழுதிய கடைசிப் பத்தி என்னை ஒரு வாரம் வேலை செய்யவிடவில்லை. அப்பா நல்லவர்தான். ஆனால் ஒரு மாதம் அத்தை வீடு, ஒரு மாதம் பெரியப்பா வீடு என்று என்னை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். எந்த வீட்டிலும் நான் பையைப் பிரித்து அடுக்கியதில்லை. இப்போதும் வெளியூர் போனால் துணியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்து எடுத்துக்கொள்கிறேன், அலமாரியைத் தொடுவதில்லை. அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது அதுதான் நினைவில் வந்தது. எழுதி முடிக்க அரை மணிகூட ஆகவில்லை. ஒரு கட்டுரை எழுத வருஷக்கணக்கில் இழுக்கிறவன் நான்.

இந்த வரி போதுமா என்று உன் வக்கீலம்மாவிடம் கேள்: "இந்த வயதில் குழந்தை தாயிடமே நிலையாக இருப்பதும், இடையிடையே கைமாறாமல் இருப்பதும் வளரும் மூளைக்கு மிக அவசியம்." தாயோடு ஒட்டி வளரும் பெரிய இனங்களைப் பற்றி மற்றவர்கள் கண்டறிந்தவற்றைச் சான்றாகக் கொடுத்திருக்கிறேன். என் சொந்தக் குரங்குகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ கேட்டபடியே.

மாப்பிள்ளை இதைப் படிப்பாரா?

அண்ணன்

*

ஏப்ரல் 3

அண்ணா,

ஜெயித்துவிட்டோம்! தீர்ப்பு வந்து மூன்று வாரம் ஆகிறது, உட்கார்ந்து எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

நீதிபதி உன் அறிக்கையை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரிக்குத் திரும்பப் போனார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு வாண்டு அப்பாவின் வக்கீல் என்ன பேசியும் எடுபடவில்லை. வாண்டு என்னிடம். அவர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பார்க்கலாம்.

வெளியே வரும்போது வாண்டு அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மச்சானே எழுதினாரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "சரி. அவரு படிச்சவரு, தெரியாம எழுத மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே அக்கா ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

நானும் சும்மா இல்லை. வெளியூர் வண்டியை விட்டுவிட்டேன். இப்போது யார்டில் பகல் வேலை, பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிச் சேர்த்துக் கொடுப்பது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனவள் இப்போது மாட்டுவண்டி வேகத்தில் போகிறேன். ஆனால் சாயங்காலம் வீட்டில் இருக்கிறேன். அவளுக்குச் சாதம் ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்றுதானே அந்த வக்கீல் சிரித்தார்?

முதலில் சில நாள் அப்பா அப்பா என்று வீட்டையே இரண்டாக்கினாள். அவர் மெஷின்களை வைத்திருந்த முன்னறைக் கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்துபோனது. பயந்துவிட்டேன். பிறகு தானாக அடங்கிவிட்டாள். இப்போது ரொம்ப சமத்து. பகலில் குழந்தைகள் காப்பகத்தில் விட்டால் அழுவதில்லை, கூப்பிட்டால் வருகிறாள், கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். காப்பகத்து அம்மா, "இவ்ளோ சீக்கிரம் பழகின குழந்தைய நான் பாத்ததே இல்ல" என்கிறார்.

முதல் ஞாயிறு வந்தது. அவர் வரவில்லை. வாதாடத் தெரிந்தவருக்கு வந்து பார்க்கத் தெரியவில்லை, பார்.

உன் நன்றியுள்ள எறும்பு

*

ஏப்ரல் 12

எறும்பு,

உன் சந்தோஷத்தில் கல்லைப் போடுவதாக நினைக்காதே. ஆனால் "தானாக அடங்கிவிட்டாள்" என்ற இடத்தில் என் மனம் நின்றுவிட்டது.

பிரித்த குட்டிகள் முதலில் கத்தும். பிறகு சத்தம் நின்றுவிடும். இங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கட்டத்தில், "பழகிடுச்சு சார்" என்று சந்தோஷமாக வந்து சொல்வார்கள். நானும் சேர்ந்த புதிதில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன் துளியும் குறைந்திருக்காது. உடம்பு உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். கத்திப் பயனில்லை என்று குட்டி கண்டுகொண்டுவிட்டது, அவ்வளவே.

வாண்டு அப்படி என்று சொல்லவில்லை. குழந்தைகள் அடங்குவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. சிலவற்றை மட்டும் கவனித்து எனக்கு எழுதுவாயா? விழுந்து அடிபட்டால் அழுதுகொண்டு உன்னிடம் வருகிறாளா? தெரியாதவர்களைக் கண்டால் உன் பின்னால் ஒளிகிறாளா? முன்பு பேசிய சொற்களை எல்லாம் பேசுகிறாளா?

இன்னொரு கேள்வி. கோபித்துக்கொள்ளாதே. இதற்கு முன் அவளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது யார்?

அண்ணன்

*

மே 6

அண்ணா,

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதினால் கோபம் வராதா? என் பிள்ளை உன் கூண்டில் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்க்கட்டுமா? தலையைத் திறந்து காட்டட்டுமா? அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது இந்தக் கேள்வியெல்லாம் எங்கே போயிருந்தன? யார் தூங்க வைத்தார்கள் என்று உனக்குத் தெரியாதா? நீதானே பார்த்தாய், முதுகில் கட்டியிருந்ததை. நீதானே எனக்கு எழுதினாய்.

உன் கடிதத்துக்குப் பதிலே போடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். போன வாரம் ஒன்று நடந்தது. அதனால் எழுதுகிறேன்.

காப்பகத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு தையல்கடை. உள்ளே யாரோ மெஷினை மிதித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் வாண்டு என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். தைத்துக்கொண்டிருந்த மனிதர் பதறி எழுந்துவிட்டார். இவள் மெஷின் மேஜைக்கு அடியில் புகுந்து, மிதிபலகைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டாள். கூப்பிட்டேன், கெஞ்சினேன், வரவில்லை. அழவும் இல்லை. கண்ணைத் திறந்து வைத்தபடி படுத்திருந்தாள். அந்த மனிதர் என்னைப் பார்த்து, "நான் தச்சா பாப்பா தூங்கிருமா, மேடம்?" என்று கேட்டார். எப்படித் தெரிந்ததோ அவருக்கு. ஒரு வெறும் துணியை வைத்துச் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் தூங்கியதும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

உன் கேள்விகளுக்குப் பதில். படியில் விழுந்து முழங்காலில் தோல் பெயர்ந்தது. அழவில்லை, எழுந்து நின்று தன் முழங்காலைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாதவர்களிடம் ஒளிவதில்லை. காப்பகத்து வாசல் காவலாளி கையை நீட்டினாலும் போகிறாள், தண்ணீர் கேன் போடுகிறவர் கையை நீட்டினாலும் போகிறாள். பேச்சு குறைந்துவிட்டது. "அது என்ன, இது என்ன" என்று என் உயிரை எடுப்பாள். இப்போது கேட்பதே இல்லை.

அவர் இந்த மாத ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை.

நீ ஒருமுறை வந்துவிட்டுப் போ.

எறும்பு

*

ஜூன் 2

எறும்பு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். உன் வீட்டில் வைத்தே இதைச் சொல்லியிருக்க வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் கதவைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்ததும் வாண்டு நேராக என் மடியில் ஏறினாள். என்னை அவளுக்கு அடையாளமே தெரியாது. நீ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பாத்தியா, மாமாகிட்ட எப்படி ஒட்டிக்கிட்டா!" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அவள் ஒட்டிக்கொள்ளவில்லை. என் மடியில் ஒரு நாற்காலியில் உட்கார்வதுபோல் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போனபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்த மடியும் அவளுக்கு ஒன்றுதான் என்று ஆகியிருக்கிறது. கவலைப்பட வேண்டியது அதைத்தான்.

நான் செய்தது என்னவென்று எனக்குத் தெரியும். என் வேலையில் நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள இருப்பது ஒன்றே ஒன்று. குட்டிக்கு வலிப்பது பெற்றவளை விட்டுப் பிரிவதில் இல்லை, சுமந்தவரை விட்டுப் பிரிவதில்தான். அது அம்மாவாக இருக்கலாம், அப்பனாக இருக்கலாம். என் குரங்குகள் அத்தனையும் என்னிடம் அதைத்தான் கத்திச் சொல்லியிருக்கின்றன. அதை மட்டும் விட்டுவிட்டு ஓர் அறிக்கை எழுதினேன். உனக்காக எழுதினேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பையைப் பிரிக்காத அந்தப் பையனுக்காக எழுதினேன். அவனுக்கு அப்போதே யாராவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்பதற்காக வாண்டுவிடமிருந்து அவள் அப்பாவைப் பிடுங்கியிருக்கக் கூடாது.

சரியாகிவிடுமா என்று பஸ் ஏற்றிவிடும்போது கேட்டாய். சரியாகிவிடும் என்று சொல்லத்தான் ஆசை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிரித்த குட்டியை அப்பனிடம் விட்டால் பதற்றம் மெல்லத் தணிகிறது. ஆனால் பெரிதான பிறகும் சில குட்டிகள் கிளை அசைந்தாலே திடுக்கிடுகின்றன, ஸ்கேனிலும் அது தெரிகிறது. சீக்கிரம் சேர்த்தவை பெரும்பாலும் தேறிவிடுகின்றன. வாண்டு குரங்கு இல்லை. அவளுக்கு நீ இருக்கிறாய், பேச்சு இருக்கிறது. இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

விட்டுப்போனதை எல்லாம் சேர்த்துப் புதிதாக ஓர் அறிக்கை எழுதியிருக்கிறேன். முதல் அறிக்கையில் எதை மறைத்தேன் என்பதும் அதில் இருக்கிறது. கோர்ட்டுக்கு அனுப்பும் முன் உனக்கு அனுப்புகிறேன். என் வேலைக்கு ஆபத்து வரலாம், வரட்டும். இங்கே இன்னும் ஒரு குட்டி தனியாக இருந்தது. குறித்த வாரங்கள் முடியும் முன்பே அதை அப்பனிடம் விடச் சொன்னேன். எங்கள் தலைவி, "இத்தனை வருஷ உழைப்பு, பாழாயிடும்" என்றார். பரவாயில்லை என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன்.

அண்ணன்

*

ஜூலை 18

அண்ணா,

உன் புதிய அறிக்கையை நான் கோர்ட்டுக்குக் கொடுக்கவில்லை. அதைப் படித்த மறுநாள் லீவு போட்டுவிட்டு வாண்டுவைக் கூட்டிக்கொண்டு அவர் ஊருக்கு வண்டி ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பயணியாகப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. சிக்னல் வரும்போதெல்லாம் கை தானாக பிரேக்கைத் தேடியது.

கடை சின்னதுதான். அவர் மேஜை விளக்கின் கீழே குனிந்திருந்தார். வாசலில் எங்கள் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். கையில் இருந்த திருப்புளி கீழே விழுந்தது. ஓடி வந்து தூக்குவார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவே இல்லை.

வாண்டுவும் ஓடவில்லை, அண்ணா. ஒரு நாள் முழுக்க ரயிலில், அவள் அவரைப் பார்த்ததும் பாய்ந்து ஓடுவாள், நான் நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இத்தனை மாதத்தில் அவள் ஒளிந்தது அதுதான் முதல்முறை.

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அவளைக் கூப்பிடவில்லை. ஒரு பழைய மெஷினைக் கிட்டே இழுத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து வாண்டு ஒவ்வொரு அடியாக நகர்ந்து அவரிடம் போனாள். போய், அவர் தோளில் வாயை வைத்துக் கடித்தாள். சும்மா கடி இல்லை, சட்டையில் ரத்தம் தெரிந்தது. அவர் அசையவில்லை. அப்புறம் கத்தினாள் பார், தெருவே திரண்டுவிட்டது. இத்தனை மாதமாகக் கத்தாததை எல்லாம் சேர்த்துக் கத்தினாள். கத்தி முடித்து அவர் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

அவள் தூங்கிய பிறகு கேட்டேன். "ஒரு ஞாயிறுகூட வரல. போனும் எடுக்கல. ஏன்?"

அவர் கீழே கிடந்த திருப்புளியை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார். "வரணும்னுதான் டிக்கெட் எடுத்தேன். மச்சான் எழுதியிருந்தாருல்ல, நடுநடுவுல கை மாறினா மூளைக்குக் கெடுதின்னு. வந்து வந்து போனா அவள கெடுத்துருவேனோன்னு இருந்துட்டேன். அவளாவது நல்லா இருக்கட்டும்னு."

என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, அண்ணா. வெளியே போய்த் தெருக்குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அவர் உன் எழுத்தை நம்பினார். நம் மூன்று பேரில் அதை நம்பியது அவர் ஒருவர்தான்.

வாண்டுவை அவரிடமே விட்டுவிட்டு மறுநாள் கிளம்பினேன். அதுதான் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அவளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன். பின்னால் அலறல் கேட்டது. அவர் முதுகிலிருந்து இறங்கி, செருப்பு இல்லாமல் தெருவில் ஓடி வருகிறாள். "அம்மா, போகாத." அவள் முழு வாக்கியம் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து நான் வேலைக்குப் போகும்போது ஒரு நாளும் எனக்காக அழுததில்லை. அதை நினைத்து எத்தனையோ நாள் இன்ஜினில் தனியாக அழுதிருக்கிறேன். இந்த நான்கு மாதத்தில் நானும் அவளைச் சுமந்திருக்கிறேன் போலிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. இப்போது யாரிடமிருந்து பிரித்தாலும் பிரிப்பதுதான்.

அதனால் நானே இங்கே குடிவந்துவிட்டேன். இந்த ஊரில் ரயில்வே யார்டு கிடையாது. சின்ன ஸ்டேஷன், பெட்டி சுத்தம் செய்யும் ஷெட் ஒன்று உண்டு. அங்கே மேற்பார்வை வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். இனி வண்டி ஓட்ட மாட்டேன். அவர் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை. நாங்கள் ஒன்றுசேரவில்லை, சேர்வதாகவும் இல்லை. பேச மறந்தது மறந்ததுதான். காலையில் நான் அவளைக் கடையில் விடுகிறேன், வேலை முடிந்ததும் போய் உட்காருகிறேன். சில நாள் அவள் அங்கே தூங்குவாள், சில நாள் என்னோடு. அவரும் நானும் அவளைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம். இதை முதலிலேயே செய்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு ஜெயிக்கத்தான் தோன்றியது.

நீ வா. அவரிடம் நீயே நேரில் சொல்ல வேண்டும். நான் சொன்னால், "மச்சான் அப்படி எழுதற ஆளு இல்ல" என்கிறார். உனக்காக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைக்கிறேன், வந்தால் துணியை எடுத்து அதில் அடுக்கு.

வாண்டு பேசுகிறாள். "இது என்ன" மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் நாங்கள் யார் வெளியே கிளம்பினாலும், கடைத்தெருவரை போனாலும், "வருவியா?" என்று கேட்கிறாள். வருவேன் என்கிறேன். தலையாட்டுகிறாள். நம்புவதில்லை. வாசல்வரை வந்து என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நேற்று அந்த விரல்களைப் பிரித்துவிட எனக்குக் கை வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் முதல்முறையாகத் தாமதமாகப் போனேன்.

எறும்பு